மரத்தின் உள்ளே ஒரு பென்சில் எழுத்து



ஊரை விட்டு வந்தபோது நம் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்த பாத்திரங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதனைப் படித்துவிட்டு, இல்லத்தரசிகள் பலர் தத்தம் வீட்டுக் குடங்களிலும் தூக்குகளிலும் வெட்டப்பட்டிருக்கும் பெயர்களைத் தேடிப் பார்த்து நமக்கு எழுதியிருக்கிறார்கள். சீர் கொடுத்த தாய்மாமன் பெயர் இருக்கிறது; மணமக்கள் பெயர் இருக்கிறது; திருமண நாளும் ஊரும்கூட இருக்கின்றன. அத்தனை கடிதங்களிலும் இல்லாத பெயர் ஒன்றே ஒன்றுதான். அந்தக் குடத்தைத் தட்டித் தட்டி உருவாக்கிய கன்னாரின் பெயர் எந்த வீட்டுப் பாத்திரத்திலும் காணப்படவில்லை.

இக்குறையை நாம் நினைத்துக்கொண்டிருந்த வேளையில், பொருளைச் செய்தவர் தம் பெயரை அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்த ஒரு காட்சியைக் காண நேர்ந்தது. எழுதப்பட்டிருந்தது குடத்தில் அன்று. புத்தம் புதிய மின்சார கிதார் ஒன்றில். அந்த எழுத்து ஒரு வீட்டில் என்னென்ன செய்தது என்பதை இம்மாதம் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

புனே நகரில் நம் சங்கத்தின் நெடுநாள் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். பெயரைக் குறிப்பிட வேண்டா என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவரைப் 'பெரியவர்' என்றே அழைப்போம். பிம்ப்ரிப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் 1988 முதல் 2019 வரை, 31 ஆண்டுகள், பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எஞ்சின் உறுப்புகளை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் தமக்குரிய எண்ணை அவற்றின் சீட்டில் பொறித்து அனுப்புவது அவர் தொழில். அவருக்கு ஒரே மகள். கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறாள்.

மகள் வீணை கற்க வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. மகளோ ஓராண்டு காலம் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒருநாள் மாலை மின்சார கிதார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பெரியவர் அவளைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது கடிந்துகொள்வதைக் காட்டிலும் கடுமையானது என்பதைக் குடும்பஸ்தர்கள் அறிவார்கள். மூன்று வாரம் அவர் அந்தப் பெண்ணின் அறைவாசலைத் தாண்டி உள்ளே செல்லவில்லை.

அந்நிலையில், சங்கச் சந்தாவுக்கான இரசீதைக் கொடுப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாம் அவர்கள் இல்லத்துக்குச் சென்றோம். அம்மையார் காப்பி கொண்டுவந்து வைத்தார். பெரியவர் நாளிதழில் முகம் புதைத்திருந்தார். உள்ளறையிலிருந்து மகள் கலங்கிய முகத்தோடு வந்தாள்.

"மாமா, நீங்களே வந்து பாருங்கள். புதியது என்று சொல்லி, யாரோ வைத்திருந்த பழையதை என் தலையில் கட்டிவிட்டார்கள். உள்ளே யாரோ பெயர்கூட எழுதியிருக்கிறார்கள்" என்றாள்.

சென்று பார்த்தோம். கிதார் மேசைமேல் குப்புறக் கிடந்தது. வாசிக்கும்போது எங்கோ ஒரு கரகரப்பு எழுவதாகத் தோன்றவே, முதுகுப்புறத் தகட்டின் திருகாணிகளை அவள் கழற்றியிருக்கிறாள். மூடியிருந்த குழிக்குள் பென்சிலால் எழுதிய ஓர் எண் இருந்தது. அந்த எண்ணை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் வேறோர் எண் எழுதப்பட்டிருந்தது. சிறிது தள்ளி நீல மையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் 6 என்ற இலக்கம். குழியின் ஓரத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடா. அதில் நான்கே எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் போன்ற கையெழுத்து. இவை போதாவென்று, கிதாரின் தலைப்பகுதிக்குப் பின்னால், வரிசை எண் அச்சிட்டிருக்கும் இடத்துக்கு அருகில், சதுரமாக ஒரு மங்கல் தெரிந்தது. முன்பு எதுவோ ஒட்டியிருந்து உரிக்கப்பட்டதுபோல் இருந்தது.

கடைக்கு எழுதிய கடிதம் கணிப்பொறியில் ஆயத்தமாக இருந்தது. 'மோசடி' என்ற சொல் அதில் மூன்று இடங்களில் வந்திருந்தது. "கடிதம் என்ன கடிதம்! நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வா" என்று அம்மையார் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

அப்போதுதான் நாளிதழ் மடிக்கப்படும் ஓசை கேட்டது. பெரியவர் எழுந்து தம் மேசை இழுப்பறையைத் திறந்தார். பழைய உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு, மூன்று வாரமாக நுழையாத அறைக்குள் நுழைந்தார்.

"விளக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடி, அம்மா" என்றார் மகளிடம்.

நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு அவர் சொன்னவை அனைத்தும் நம் நினைவில் அப்படியே பதிந்திருக்கின்றன.

"இந்தப் பென்சில் எழுத்தின் மேல் பளபளவென்று ஒரு மெருகு படிந்திருக்கிறது, பார். மெருகு பூசுவதற்கு முன்னே எழுதியது இது. இதற்கு முன் ஒருவர் இதை வாங்கி வைத்திருந்தாலும், மெருகுக்கு அடியில் அவரால் எப்படி எழுத முடியும்? இன்னொன்றும் பார். நீ மடியில் வைத்து வாசிக்கும்போது இந்த எழுத்து தலைகீழாக இருக்கும். மரம் பணிமேசைமேல் இப்படிக் கிடக்கையில், இந்தப் பக்கம் நின்று வேலை செய்தவர் எழுதிய எழுத்து இது. வட்டத்துக்குள் இருக்கிற 6 பரிசோதகருடையது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. என்னுடையது 17."

"உங்களுக்கு ஓர் எண் உண்டு என்பதே எனக்குத் தெரியாது, அப்பா" என்றாள் மகள்.

பெரியவர் அதற்கு விடை சொல்லவில்லை. அடித்து எழுதிய எண்ணைக் காட்டி, "ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டு, மறுவேலை முடிந்து, இரண்டாம் முறை தேறியிருக்கலாம், அல்லது எழுதியவர் கை தவறியிருக்கலாம். எப்படியும் மறைக்கவில்லை, அடித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்" என்றார். பிறகு தலைப்பகுதியைத் திருப்பி, அந்தச் சதுர மங்கலைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்தார்.

"இதற்கு மட்டும் எனக்கு விடை தெரியவில்லை. இங்கே எதுவோ இருந்தது, எடுத்திருக்கிறார்கள். எழுதியிருப்பதைப் பற்றிக் கவலைப்படாதே. எடுத்திருப்பதைப் பற்றிக் கேள்."

*

வீடு திரும்பியபின் இவ்விஷயத்தைப் பற்றிப் படித்துப் பார்த்தோம். பெரியவர் தம் தொழிலறிவு ஒன்றைக் கொண்டே சொன்னவற்றுக்கு, கிதார் உலகின் வரலாற்றில் சான்று பல இருக்கின்றன.

முதலில் அமைப்பைச் சற்று விளக்கிவிடுகிறோம். பழைய முறைக் கிதாரின் வயிறு வெற்றிடமாக இருக்கும். தந்தியின் அதிர்வை அவ்வெற்றிடமே பெருக்கித் தரும். மின்சார கிதார்களில் பெரும்பாலானவற்றின் உடல் கட்டி மரம். தந்திகளுக்கு அடியில் காந்தங்களும், அவற்றைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பியும் உண்டு. புகழ்பெற்ற சில வகைகளில் அக்கம்பி ஏறத்தாழ 8,000 சுற்று சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, செம்புச் சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. அதனைப் பெருக்கி ஒலியாக்குகிறார்கள். இச்சுருளுக்குப் 'பிக்அப்' என்று பெயர். பிக்அப்புகளையும் கம்பிகளையும் வைப்பதற்காகக் கட்டி மரத்தில் குழிகள் குடையப்படுகின்றன. குழிகளைத் தகடுகள் மூடுகின்றன. தொழிலாளர் குறித்து வைப்பதற்கு ஏற்ற, வாங்குவோர் கண்ணில் எளிதில் படாத இடங்கள் இவையே.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் புல்லர்ட்டன் நகரில் லியோ பெண்டர் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து 1951-இல் 'டெலிகாஸ்டர்' என்ற பெயரிலும், 1954-இல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' என்ற பெயரிலும் மின்சார கிதார்கள் வெளிவந்தன. இவற்றில் கழுத்து வேறு, உடல் வேறு. இரண்டையும் நான்கு திருகாணிகள் பிணைக்கின்றன. 1950களில் செய்யப்பட்ட கிதாரின் கழுத்தைக் கழற்றினால், அதன் அடிப்பாகத்தில் பென்சிலால் எழுதிய தேதியைப் பலவற்றில் காணலாம். சிலவற்றில் தேதியோடு 'டி.ஜி.' என்ற இரண்டு எழுத்துகளும் இருக்கின்றன. டேடியோ கோமெஸ் என்ற தொழிலாளியின் முதலெழுத்துகள் அவை. கழுத்துகளை இழைத்து வடிவாக்கியவர் அவர். 1962 வாக்கில் பென்சிலுக்குப் பதிலாக ரப்பர் முத்திரை வந்தது.

அதே தொழிற்சாலையின் 1950களின் கிதார்கள் சிலவற்றில், உடற்குழிக்குள் ஒரு துண்டு ஒட்டுநாடாவும் அதில் 'மேரி', 'குளோரியா' என்பன போன்ற பெண்களின் பெயர்களும் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. கம்பிகளைப் பற்றவைத்து இணைத்த பெண்கள் தங்கள் வேலைக்கு அடையாளமாக ஒட்டியவை இவை. அபிகெய்ல் இபார்ரா என்ற பெண்மணி 1956-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்து, செம்புக் கம்பியைச் சுற்றிப் பிக்அப்புகள் செய்தார். 2013-இல் ஓய்வு பெறும் வரை, அரை நூற்றாண்டுக்கு மேல், அவர் கை அத்தொழிலில் இருந்தது. அவர் கையொப்பம் உள்ள பிக்அப்புகளை இன்றும் வாத்தியக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

எழுத்தல்லாத தழும்புகளும் உண்டு. 1950களில் வண்ணம் பூசிய உடல் ஈரமாக இருக்கையில் மேசையில் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக, அதில் சிற்றாணிகளை அடித்து, அவ்வாணிகளின் மேல் அதனை நிறுத்தி உலர்த்தினார்கள். ஆணியைப் பிடுங்கிய பின் சிறு துளைகள் தகடுகளின் கீழே எஞ்சின. 1960களில், கழுத்து பொருந்தும் குழியில் ஒரு கோலைத் திருகி, அக்கோலைப் பிடித்துக்கொண்டு வண்ணம் பூசும் முறை வந்தது. கோல் இருந்த இடத்தில் வண்ணம் படாத பட்டை ஒன்று தங்கியது. விவரமறியாதவர் கண்ணுக்கு இவையெல்லாம் குறைகள். விவரமறிந்தவரோ பழங்கிதாரை மதிப்பிடும்போது முதலில் தேடுவது இத்துளைகளையும் இப்பட்டையையும்தான். அவை இருக்க வேண்டிய இடத்தில் இல்லையானால், 'பின்னாளில் வண்ணத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள்' என்று ஐயுறுகிறார்கள். பழங்கிதார்களின் விலை ஏறிவிட்டபடியால், பென்சில் தேதியைப் பொய்யாக எழுதி ஏமாற்றுவோரும் தோன்றியிருக்கிறார்கள். கள்ள நாணயம் அடிப்பவன் நல்ல நாணயத்தின் மதிப்பை அறிந்துதானே அடிக்கிறான்!

மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் 1902-இல் தொடங்கப்பெற்ற கிப்சன் நிறுவனத்தின் வழக்கமொன்று நம்மை மிகவும் கவர்ந்தது. வண்ணத்திலோ மெருகிலோ சிறு குறை நேர்ந்துவிட்ட கிதார்களின் தலைப்பகுதிக்குப் பின்னால், வரிசை எண்ணுக்கு அருகில், 2 என்ற இலக்கத்தையோ, 'இரண்டாந்தரம்' என்று பொருள்படும் சுருக்கத்தையோ மரத்தில் அழுத்திவிடுவார்கள். வாசிப்பதற்குக் குறையில்லை, பார்வைக்குச் சிறு குறை உண்டு என்பது அதன் கருத்து. அத்தகையவை குறைந்த விலைக்குப் போயின. வாங்கியவர் அறிந்தே வாங்கினார். இதில் வஞ்சம் எங்கே இருக்கிறது? இடையில் ஒருவர் அந்த 2-ஐச் சுரண்டிவிட்டு முதல்தர விலைக்கு விற்கும்போதுதான் வஞ்சம் பிறக்கிறது.

அந்நிறுவனத்தின் வரிசை எண்ணே ஒரு நாட்குறிப்புப் போன்றது. 1977 முதல் நெடுங்காலம் அது எட்டு இலக்கமாக இருந்தது. முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு. இடையிலுள்ள மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. எடுத்துக்காட்டாக, 90325 என்று தொடங்கும் எண்ணில் முதலிலும் ஐந்தாவதிலும் உள்ள 9, 5 இரண்டும் 1995-ஆம் ஆண்டைக் காட்டும். நடுவிலுள்ள 032 அவ்வாண்டின் 32-ஆம் நாளை, அதாவது பிப்ரவரி முதல் தேதியைக் காட்டும். பிறந்த நாளைப் பிடரியில் எழுதிக்கொண்டு வரும் குழந்தை என்று சொல்லலாம்.

*

அடுத்த ஞாயிறு மீண்டும் சென்று, படித்தவற்றைப் பெரியவர் வீட்டில் சொன்னோம். அம்மையார் அனைத்தையும் கேட்டுவிட்டு, "நகை வாங்கும்போது முத்திரை இருக்கிறதா என்றுதானே தேடுகிறோம்? இருந்தால் நிம்மதி, இல்லாவிட்டால்தான் பயம். தங்கத்துக்கு ஒரு நியாயம், மரத்துக்கு ஒரு நியாயமா?" என்றார். 2021 முதல் ஹால்மார்க் நகைகளில் ஆறு எழுத்தும் இலக்கமும் கலந்த தனி அடையாளம் பொறிக்கப்படுவதை அவர் மனத்தில் வைத்துச் சொன்னார்.

மகள் சிரித்தாள். பெரியவர் சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து, யாரும் கேளாமலே, ஒரு பழைய செய்தியைச் சொல்லத் தொடங்கினார். 1997-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நடந்தது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், இரவு ஷிப்ட், வாயிலில் லாரி காத்திருந்தது. 12 பெட்டிகள் போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்புகளை எடுத்து அளந்த பிறகே சீட்டில் எண்ணைப் பொறிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு பெட்டிகளை அளந்தார். போர்மேன் அவசரப்படுத்தினார். எஞ்சிய பத்துப் பெட்டிகளின் சீட்டிலும் 17 என்று பொறித்துக் கொடுத்துவிட்டார். லாரி போய்விட்டது.

"மூன்று இரவு உறக்கமில்லை. நான்காம் நாள் காலை மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பெட்டிகளைத் திருப்பி வரவழைத்தார்கள். ஒன்று விடாமல் அளந்தார்கள்."

"எத்தனை தவறாக இருந்தன, அப்பா?"

"ஒன்றுகூடத் தவறில்லை. எல்லாம் சரியாக இருந்தன. பண்டத்தில் குற்றமில்லை, என் முத்திரையில்தான் குற்றம். பார்த்தேன் என்று சொல்வதற்காக இருந்த எண்ணை, பார்க்காததில் பொறித்துவிட்டேன்."

அவ்வாண்டு அவருக்கு வர இருந்த தலைமைப் பரிசோதகர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஆறாண்டுகள் கழித்தே அவருக்குக் கிட்டியது. பதவி வரவில்லை என்பது மட்டும் அம்மையாருக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பதை அன்றுதான் அறிந்தார். "வேற்றூர்க்காரன் என்று ஒதுக்கிவிட்டார்கள் என்றல்லவா இத்தனை நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று மெல்லச் சொன்னார். "நீ அப்படி நினைத்துக்கொண்டிருப்பது தெரிந்தும் நான் திருத்தவில்லை. அதுவும் என் தவறுதான்" என்றார் பெரியவர்.

அங்கிருந்த நம்மாலும் ஒன்றும் பேச முடியவில்லை. பிற மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு, நேர்ந்த இழப்பு ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரு காரணத்தையே சொல்லிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது உண்மையாக இருந்த சமயங்களும் உண்டு. இல்லாத சமயங்களும் உண்டு. எது எது என்று பிரித்துச் சொல்லும் துணிவு எளிதில் வருவதன்று.

*

கிதாரின் செய்தியை முடித்துவிடுகிறோம். 'மோசடி' என்ற சொல் மூன்று முறை வந்த கடிதம் அனுப்பப்படவில்லை. அதற்குப் பதிலாக மகள் நான்கே வரி எழுதினாள். வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, தலைப்பகுதியின் படத்தை இணைத்து, 'இவ்விடத்தில் ஒட்டியிருந்தது யாது? அதனை எடுத்தவர் யார்?' என்று மட்டும் கேட்டாள். நான்கு நாளில் பதில் வந்தது. அந்தக் கிதார் சில மாதம் கடையில் காட்சிக்காக மாட்டப்பட்டிருந்தது. பலர் எடுத்து வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். காட்சிப்பொருள் என்று குறித்த சீட்டை விற்கும்போது உரித்துவிட்டார்கள். சொல்லாமல் விற்றது தவறு என்று ஒப்புக்கொண்டு, வேறு தருவதாகவோ விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகவோ கடையினர் எழுதியிருந்தார்கள்.

ஆக, அவளுக்கு முதலில் எழுந்த ஐயம் முற்றிலும் பொய்யன்று. ஐயுற்ற இடம்தான் பிழையாகப் போயிற்று. தொழிற்சாலையில் எழுதிய பெயர் வஞ்சமற்றது. கடையில் உரித்த சீட்டே வஞ்சம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கோபக் கடிதத்தை அனுப்பியிருந்தால், 'உள்ளே இருப்பவை எல்லாக் கிதாரிலும் இருப்பவைதாம்' என்று கடையினர் ஒரே வரியில் தப்பித்துக்கொண்டிருப்பார்கள்.

என்ன செய்யலாம் என்று மகள் தந்தையைக் கேட்டாள். "உன் பணம், உன் முடிவு" என்றார். கிதாரை அவள் வைத்துக்கொண்டாள். கடையினர் திருப்பித் தந்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, கிதார் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து ஒழுங்கு செய்துகொண்டாள். கரகரப்புக்குக் காரணம் தளர்ந்திருந்த ஒரு சுருள்வில்.

நம் வீடுகளில் இன்று இளைஞர் பலர் இத்தகைய வாத்தியங்களையும் கருவிகளையும் வாங்குகிறார்கள். அவர்களுக்காகச் சில சொற்கள். வாங்கிய அன்றே வரிசை எண்ணைக் குறித்து வையுங்கள். இரசீதிலும் உத்தரவாதச் சீட்டிலும் அதே எண் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். தகட்டைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்று முதலில் கேட்டறியுங்கள். உள்ளே எழுத்தோ முத்திரையோ கண்டால் துடைக்காதீர்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெருகுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் செய்தவருடையது. மெருகுக்கு மேல் இருப்பது யாருடையதாகவும் இருக்கலாம். தரக்குறிப்பைச் சுரண்டிய தடமோ, சீட்டை உரித்த தடமோ தெரிந்தால் தயங்காமல் கேளுங்கள். கேட்கும்போது கோபத்தைக் குறைத்து, எண்ணையும் தேதியையும் மிகுதியாக வையுங்கள்.

தகட்டைத் திரும்ப மூடுவதற்கு முன், மகள் ஒரு பென்சிலைத் தந்தையிடம் நீட்டி, "உங்கள் எண்ணையும் உள்ளே எழுதுங்கள், அப்பா" என்று கேட்டிருக்கிறாள். பெரியவர் பென்சிலை வாங்கவில்லை. "அளந்து பார்க்காததில் என் எண்ணைப் போட மாட்டேன்" என்றாராம்.

ஆனால் அன்றிரவே, இந்த வாத்தியத்தில் அளக்க வேண்டியவை யாவை என்று அவளிடம் கேட்டிருக்கிறார். வீணையில் 24 மெட்டுகள் மெழுகின்மேல் பதிந்திருக்கும். இதிலோ மெட்டுகள் மரத்தில் பதிந்த உலோகக் கம்பிகள். மெட்டுக்கும் தந்திக்கும் இடையே உள்ள உயரம் வாசிப்புக்கு மிக முக்கியம். ஸ்ட்ராட்டோகாஸ்டருக்குப் பெண்டர் நிறுவனம் தரும் அளவில், 17-ஆம் மெட்டில் தந்தியின் உயரம் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். மகளின் கிதாரும் அவ்வகை அமைப்பினதே. 17 என்ற எண்ணைக் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். பிறகு பழைய தோல் உறையிலிருந்து தம் அளவுத் தகடுகளை எடுத்து, ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக அளந்தார். ஐந்து சரியாக இருந்தன. ஒன்று சற்றே உயர்ந்திருந்தது. அதனைத் திருத்தச் சொல்லி, திருத்திய பின் மீண்டும் ஒருமுறை அளந்தார். அதன் பின்னரே பென்சிலை வாங்கினார்.

அந்த 6-க்கும் பெண் பெயருக்கும் சற்றுத் தள்ளி, பணிமேசையில் நின்றவர் எழுதிய அதே திசையில், தேதியும் 17-உம் இப்போது இருக்கின்றன. தகடு மூடப்பட்டுவிட்டது. வரும் பொங்கல் விழாவில் அந்தப் பெண் நம் சங்க மேடையில் வாசிக்க இசைந்திருக்கிறாள். ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பைப் பெரியவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

மீண்டும் அடுத்த திங்கள் சந்திப்போம்.